ஏழு என்று போட்ட வட்டம்

லைலாவுக்கு மருமகன் மேல் சந்தேகம் வந்தது அவன் செய்த பிழையால் அல்ல. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது மாதத்தில் பர்ஸான் ஒரு பிழையும் செய்யவில்லை. அதுதான் சந்தேகம். கறியில் உப்புக் கூடினாலும் "நல்லாயிரிக்கி மாமி" என்பான். மாமனார் அப்துல் கபூர் உள்ளே வந்தால் கதிரையை விட்டு எழும்புவான். தின்ற பீங்கானைத் தானே குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைப்பான். சாய்ந்தமருதில் எத்தனையோ மாப்பிள்ளைமார் பெண்வீட்டில் வந்து குடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் பீங்கான் கழுவியதாகக் கேள்விப்பட்டதுண்டா? மடியில் கனம் இல்லாதவன் இவ்வளவு மெதுவாக நடக்கமாட்டான் என்பது லைலாவின் முடிவு.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். பர்ஸானும் மருதமுனையிலிருந்து அப்படித்தான் வந்தான். அவனை அனுப்பிவைத்த அன்று அவனுடைய உம்மா ஜெனூபா லைலாவின் கையைப் பிடித்து, "என்ட ஒத்தப் புள்ளைய ஒங்களுக்குத் தந்துட்டன். பாத்துக்கங்க," என்றாள். அழுதுகொண்டு சொன்னதால் எல்லோருக்கும் அது பாசமாகத் தெரிந்தது. லைலாவுக்கு மட்டும் அந்தக் கடைசிச் சொல் காதிலேயே நின்றுவிட்டது. பாத்துக்கங்க. எதைப் பார்த்துக்கொள்ள?

இரண்டு மாதத்துக்கு முதல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பிடிபட்டது போல இருந்தது. மகள் நிஹ்லா மருத்துவ உளவியல் படிக்கிறாள். சனி ஞாயிறு மட்டக்களப்பில் வகுப்பு. அடுத்த வருடம் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி செய்யவேண்டுமாம். ஒரு நாள் சாப்பிட்டு முடிந்ததும் பர்ஸான் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னான்: "மாமி, ஒரு வருசத்துக்கு நாங்க அங்க ஒரு வீடு பாத்துப் போவமா எண்டு யோசிக்கிறம். எனக்கும் அங்க மாற்றம் எடுக்க ஏலும்."

லைலாவின் கையில் இருந்த தண்ணிச் செம்பு அப்படியே நின்றது. "எனக்கு இரிக்கிறது ஒண்டே ஒண்டு. அதையும் கொண்டு போகப் போறீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை. ஆனால் எடுக்காத கதைதான் வீட்டுக்குள் அதிகம் நடமாடும்.

படிப்பின் மேலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. "மகள் பைத்தியத்துக்கு மருந்து குடுக்கிற படிப்பா படிக்கிறா?" என்று பக்கத்து வீட்டு பஹ்மிதா கேட்டபோது, "மருந்து குடுக்கிறல்லயாம், கதைக்கிறதாம்," என்று சொல்லி அவளே வெட்கப்பட்டாள். கதைப்பதைப் படிக்க ஒரு பட்டம் வேண்டுமா? அந்தக் கதையாவது ஒழுங்கான கதையா என்றால், அதுவும் இல்லை. லைலா ஒன்றைச் சொன்னால் நிஹ்லா அதையே திருப்பிச் சொல்வாள்.

"மீன்காரன் இண்டைக்கும் ஏமாத்திட்டான், மகள்."

"ஏமாத்திட்டான் எண்டு ஒங்களுக்குக் கோபமா இரிக்கி போல."

"போல என்ன போல! கோபம்தான்!"

பிறகு ஒன்றும் பேசாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்த மௌனமும் பாடத்தில் இருக்கிறதாம். மௌனமாக இருந்தால் எதிரே இருக்கிறவர் மனதில் கிடப்பதைச் சொல்லுவாராம். லைலா அதற்கெல்லாம் மசிகிறவள் அல்ல. மகள் பத்து நிமிடம் மௌனமாக இருந்தால் அவள் இருபது நிமிடம் இருந்து காட்டுவாள்.

ஒரு முறை நிஹ்லா ஒரு தாளின் நடுவில் கோடு கீறி, மருமகன் மேல் உள்ள சந்தேகத்துக்கு இந்தப் பக்கம் சாட்சி, அந்தப் பக்கம் எதிர்ச்சாட்சி என்று எழுதச் சொன்னாள். "நினைப்பு வேற, நடந்தது வேற உம்மா. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்." சாட்சிப் பக்கத்தில் லைலாவால் எழுத முடிந்தது ஒன்றே ஒன்று: பீங்கான் கழுவுகிறான். மகள் சிரித்துவிட்டாள். லைலாவுக்குச் சுருக்கென்று பட்டது. "சிரிக்காத. சாட்சி தன்ட பாட்டுல வரும்," என்றாள்.

வந்தது. ஒரு வியாழக்கிழமை, மழை விட்டு வெயில் காய்ந்த காலையில், மகளின் அறை மெத்தையை முற்றத்தில் காயப்போட இழுத்தபோது அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசி விழுந்தது. நிஹ்லா நூலகத்துக்குப் போயிருந்தாள், பர்ஸான் பள்ளிக்கூடத்தில். லைலா கடதாசியை விரித்தாள்.

ஒரு சதுரம், ஒரு வட்டம். அவற்றின் கீழே ஒரு இரட்டை வட்டம், பக்கத்தில் இன்னொரு சதுரம். பெயர் ஒன்றும் இல்லை, உள்ளே எண்கள் மட்டும். மேல் சதுரத்தில் அறுபத்தொன்று. அது கபூரின் வயது. வட்டத்தில் ஐம்பத்தாறு. அது அவளுடைய வயது. இரட்டை வட்டத்தில் இருபத்தைந்து, நிஹ்லா. கீழ்ச் சதுரத்தில் இருபத்தெட்டு, பர்ஸான். ஐம்பத்தாறிலிருந்து இருபத்தைந்துக்கு மூன்று கோடுகள், கயிறு போட்டுக் கட்டியது போல. ஐம்பத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து ஒரு கோடு. அதைப் பார்க்க அவளுக்குப் பாம்பாகவே தெரிந்தது.

இரட்டை வட்டத்துக்கு இடது பக்கம் இன்னொரு சின்ன வட்டம் இருந்தது. அதன் மேல் குறுக்காக இரண்டு வெட்டு. உள்ளே ஏழு. ஐம்பத்தாறிலிருந்து அதற்கு ஒரு கோடு வந்து, நடுவில் இரண்டு சின்னக் கீறலால் அறுபட்டுக் கிடந்தது.

"யா அல்லாஹ்," என்று லைலா மெத்தை மேலேயே இருந்துவிட்டாள். இஸ்மு என்று ஓதி எழுதிய கட்டங்களை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். வாசல் நிலைக்கு மேலே ஒட்டியிருப்பார்கள், பிள்ளைகளின் கழுத்தில் கட்டியிருப்பார்கள். அவையெல்லாம் காவலுக்கு. இது அவளுடைய மகள் படுக்கிற மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தது. வெட்டினால் என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

யார் வைத்தது என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. பர்ஸான் வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தினமும் மோட்டார் சைக்கிளில் அங்கே போய்வருகிறான். அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் இப்படியான வேலை செய்வதாக எப்போதோ யாரோ சொன்னது இப்போது லைலாவுக்கு நேற்றுச் சொன்னது போல ஞாபகம் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். லைலாவுக்கோ பட்டப்பகலே இருண்டு போயிருந்தது.

கடதாசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு ஓட்டோ பிடித்து மாவடிப்பள்ளிக்குப் போனாள். அங்கே பக்கீர் முகைதீன் பரிசாரி இருந்தார். ஓதிப் பார்க்கிறவர். வயலில் வாய்க்கால் திறந்துவிட்டு வந்தவர் காலைக் கழுவிவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடதாசியை நேராகவும் தலைகீழாகவும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது நம்மட எழுத்தில்ல. நம்மட ஆக்கள் கட்டம் போட்டா உள்ளுக்கு எழுத்து இரிக்கும். இது வேற மாதிரி."

"வேற மாதிரி எண்டா?"

"படிச்ச ஆள் செஞ்ச வேல. இஞ்ச பாருங்க, கோடெல்லாம் அடிமட்டம் வெச்சுக் கீறிரிக்கி. வட்டம் கவராயத்தால போட்டது."

அடிமட்டமும் கவராயமும் யாருடைய பையில் இருக்கும்? லைலா கண்ணை மூடிக்கொண்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மகளின் தாளில் இந்தப் பக்கம் முழுவதும் நிரம்பிவிட்டது.

பரிசாரி விரலை அந்தச் சின்ன வட்டத்தில் வைத்தார். "மத்ததெல்லாம் வயசு எண்டு சொல்றீங்க. அப்ப இந்த ஏழு ஆரு? ஏழு வயசுப் புள்ள ஆரும் இரிக்கா வீட்டுல?"

லைலா வெளியே கொக்குகள் வயலில் இறங்கி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இல்ல. எங்கட வீட்டுல அப்பிடி ஒத்தரும் இல்ல," என்றாள்.

"அப்ப அது வயசில்ல தங்கச்சி. நாள். ஏழு நாள்."

இந்தக் கடதாசியை வைத்திருக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்றார் பரிசாரி. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கடல் தண்ணியில் விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

"கடல்லயா? ஆத்துல போட ஏலாதா?"

"கடல்தான். ஆறு திருப்பிக் கொண்டு வந்தாலும் வரும். கடல் எடுத்தா எடுத்ததுதான்."

"அது எனக்குத் தெரியும்," என்றாள் லைலா.

அவர்களுடைய பழைய வீடு கடலிலிருந்து இரண்டாவது வரிசையில் இருந்தது. சுனாமியில் அது அத்திவாரத்தோடு போனது. கபூர் பெரிய றோட்டுக்கு மேற்கே காணி வாங்கிப் புதிய வீடு கட்டினார். சுனாமிக்குப் பிறகு இந்த இருபத்தொரு வருடமாக லைலா கடற்கரைக்குப் போனதில்லை. பதினைந்து நிமிட நடை. பெருநாளைக்குப் பெண்டுகள் பிள்ளைகளோடு காற்று வாங்கப் போனாலும் அவள் தலைவலி என்பாள். யாரும் வற்புறுத்துவதில்லை. ஊருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள், தெரியாத புது ஆட்கள் கேட்டால் அவள் சொல்லமாட்டாள்.

அன்றைக்குப் போனாள். மகளுக்காக என்றால் எங்கேயும் போவாள். தோணிகள் கரையில் ஏறிக் கிடந்தன. ஈர மணலில் செருப்புப் புதைந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் ஓத வேண்டியது பாதியில் மறந்துபோனது. அலை வந்து காலைத் தொட்டதும் கடதாசியை விட்டாள். அது விரிந்து, மிதந்து, அடுத்த அலையோடு உள்ளே போனது. உடனே திரும்பி நடந்தாள். ஒரு முறையும் பின்னால் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது உள்ளே எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. நிஹ்லா அலுமாரியைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்திருந்த பர்ஸான் தலையில் தூசியோடு வெளியே வந்தான். கபூர் விறாந்தையில் தேத்தண்ணிக் கோப்பையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, மெத்தைக்குக் கீழ ஒரு கடதாசி கெடந்த. கண்ட நீங்களா?"

லைலா மகளைப் பார்க்கவில்லை. மருமகனை நேராகப் பார்த்தாள். ஒன்பது மாதம் மரியாதையாக மூடி வைத்திருந்த வாய் திறந்துவிட்டது.

"தேடாதீங்க மருமகன். நான் அதக் கடல்ல போட்டுட்டன். ஒங்கட உம்மாட்டப் போய்ச் சொல்லுங்க, பலிக்கல்லயாம் எண்டு. என்ட புள்ளைய என்னட்ட இருந்து பிரிக்கிறத்துக்கு மெத்தைக்குக் கீழ சூனியம் வெச்சுப் படுக்கிற மருமகன் எனக்குத் தேவல்ல. ஒங்கட உடுப்புப் பெட்டி அலுமாரிக்கு மேலதான் இரிக்கி."

கபூர் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன மாமி சொல்றீங்க, விளங்கல்ல," என்று பர்ஸான் சொன்னபோது அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

நிஹ்லாவுக்குத்தான் முதலில் விளங்கியது. விளங்கியதும் அவள் முகம் வெளுத்தது. "கடல்லயா உம்மா? கடல்லயா போட்ட?"

"பின்ன? வெச்சுக்கொண்டிரிக்கச் சொல்றியா?"

"உம்மா, அது இவர் வெச்சதில்ல. நான் வெச்ச. நான் கீறின. இவர்ட அடிமட்டத்தையும் கவராயத்தையும் கடன் வாங்கி நான் கீறின." அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அது எனக்குத் தந்த வேல. மத்தவங்கட வீட்டுக் கவலையக் கேக்கிறதுக்கு முந்தி நாங்க எங்கட வீட்டக் கீறணும். பேர் எழுதக் கூடா, வயசு மட்டும்தான் போடலாம். வகுப்புல கை மாத்திப் பாக்கிறதால. சனிக்கிழம குடுக்கிறதுக்கு வெச்சிருந்த. அது சூனியம் இல்ல உம்மா. அது நாங்கதான்."

லைலாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பழக்கப்பட்ட சந்தேகம் ஒரு சொல்லுக்கு இறங்கிவிடாது. "அப்ப கீறிக் காட்டு," என்றாள்.

நிஹ்லா சுவரில் தொங்கிய கலண்டரிலிருந்து முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, பின்பக்கத்தை மேசையில் விரித்தாள். கவராயம் இல்லை, கையாலேயே போட்டாள். "சதுரம் ஆம்புள, வட்டம் பொம்புள. இது வாப்பா. இது நீங்க. இது நான். ஆரு கீறுற ஆளோ அவருக்கு ரெட்ட வட்டம். இது இவர்."

"இந்த மூணு கோடு?"

"நீங்களும் நானும். கணக்குக்கு மிஞ்சின நெருக்கம் எண்டா மூணு கோடு."

"நெருக்கத்துல என்ன மிஞ்சின நெருக்கம்," என்று லைலா முணுமுணுத்தாள். "இந்தப் பாம்பு?"

நிஹ்லா பர்ஸானைப் பார்த்தாள். பர்ஸான் தன் கால் விரலைப் பார்த்தான். "அது... நீங்களும் இவரும். ரெண்டு பேருக்கும் ஒத்துவரல்ல எண்டா அப்பிடிக் கோடு."

"மாமி, நான் வேணாம் எண்டுதான் சொன்ன," என்றான் பர்ஸான்.

கபூருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். லைலாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. பாம்பு அவளே போட்ட பாம்புதான் என்றால் இனி யாரைக் கடிந்துகொள்வது? முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அப்போதுதான் கவனித்தாள், மகளின் பேனை நின்றுவிட்டது. இரட்டை வட்டத்துக்கு இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

"முடியல்லயே. இன்னொரு வட்டம் இருந்திச்சே. வெட்டினது."

நிஹ்லா பேசவில்லை. இது பாடத்தில் படித்த மௌனம் அல்ல என்று லைலாவுக்குத் தெரிந்தது. கபூர் எழும்பி வாசல் பக்கம் போய், அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏழு எண்டு போட்டிருந்த," என்றாள் லைலா. சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாவடிப்பள்ளியில் பரிசாரி கேட்டபோதே தெரிந்திருக்கவேண்டும். தெரியும் என்பதால்தான் கொக்குகளைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது பழமொழி. அவள் இருபத்தொரு வருடம் மறைத்துச் சாப்பிட்டிருந்தாள்.

"மௌத்தானவங்களயும் கீறத்தான் வேணுமாம் உம்மா," என்று நிஹ்லா மெதுவாகச் சொன்னாள். "வீட்டுல ஆருட பேரைச் சொல்றல்லயோ அவங்கள விடக்கூடாதாம். செத்த ஆளுக்குக் குறுக்கால வெட்டு. அது நப்லா ராத்தா. நீங்க கண்டா தாங்கமாட்டீங்க எண்டுதான் மெத்தைக்குக் கீழ வெச்ச."

நப்லா. மூத்த மகளின் அந்தப் பெயர் இந்த வீட்டுக்குள் ஒரு நாளும் சொல்லப்பட்டதில்லை. பழைய வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லப்பட்ட பெயர். நப்லா, தலையைக் கட்டு. நப்லா, தங்கச்சியப் பாரு. நப்லா, கடல் பக்கம் போகாத.

"அந்தக் கோட்ட ஏன் அறுத்த?" என்றாள் லைலா. "எனக்கும் அவளுக்கும் நடுவுல."

"நீங்க அவட பேரே சொல்றல்லயே உம்மா. எத்தின புள்ள எண்டு கேட்டா ஒண்டு எண்டுதானே சொல்றீங்க. படிப்பிக்கிற சேர் கேட்டார், உம்மாக்கும் ராத்தாக்கும் எந்தக் கோடு எண்டு. எனக்கு வேற கோடு தெரியல்ல."

லைலா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்ன இடுப்புல வெச்சிருந்த," என்றாள். "அவள்ட கையப் புடிச்சுக்கொண்டு ஓடின. திரும்பிப் பாக்காம ஓடுங்க, திரும்பிப் பாக்காம ஓடுங்க எண்டு எல்லாரும் கத்தினாங்க. நான் திரும்பிப் பாக்கல்ல. புடிச்சிரிக்கன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு ஓடின, மகள். பெரிய றோட்டுக்கு வந்து பாத்தா, கையில ஒண்டும் இல்ல."

நிஹ்லா படித்தது எல்லாம் எங்கேயோ போனது. உம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழும்பி வந்து உம்மாவைக் கட்டிப்பிடித்துச் சத்தமாக அழுதாள். வாசலில் நின்ற கபூரின் தோளும் குலுங்கியது. பர்ஸான் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து மாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றான்.

"நான் அவளத் திரும்பவும் கடல்ல போட்டுட்டு வந்திரிக்கன்," என்றாள் லைலா. "இண்டைக்கும் திரும்பிப் பாக்கல்ல."

பிறகு லைலா தண்ணியைக் குடித்தாள். கிளாஸைத் திருப்பி மருமகனின் கையில் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்த்து, "குறை நினைக்காதீங்க மகன்," என்றாள். ஒன்பது மாதத்தில் அவள் அவனை மகன் என்றது இதுதான் முதல் தடவை. "இந்தப் பெட்டிக் கதைய ஒங்கட உம்மாட்டச் சொல்லாதீங்க. நானே வந்து சொல்றன்."

"சரி மாமி," என்றான் பர்ஸான்.

அவள் கலண்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். இடது பக்கத்து வெறுமையில் விரலை வைத்தாள். "இதுல கீறு."

நிஹ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்ன வட்டம் ஒன்று போட்டாள். குறுக்காக இரண்டு கோடு இழுக்கும்போது கை தயங்கியது, இழுத்தாள். உள்ளே ஏழு என்று எழுதப் போனாள்.

"ஏழில்ல," என்றாள் லைலா. "ஆரு சொன்ன ஏழு எண்டு?"

"வாப்பாதான் சொன்ன."

"ஒங்கட வாப்பாக்கு என்ன தெரியும். அந்த வருசம் நோன்புப் பெருநாளைக்கு ரெண்டு நாள் இரிக்கக்குள்ள அவளுக்கு எட்டு முடிஞ்ச. பெருநாள் சட்டைய ரெண்டு நாள் முந்தியே போடணும் எண்டு அழுதவள். எட்டு எண்டு போடு."

நிஹ்லா எட்டு என்று போட்டாள். லைலா பேனையை வாங்கி, ஐம்பத்தாறிலிருந்து அந்த வட்டம் வரைக்கும் தானே ஒரு கோடு இழுத்தாள். அடிமட்டம் இல்லாததால் அது கோணலாகத்தான் போனது, ஆனால் நடுவில் எங்கேயும் அறவில்லை.

"இதக் கொண்டு போய்க் குடு," என்றாள். "மட்டக்களப்புல வீடு பாக்கிறதெண்டாலும் பாருங்க. அங்க ஆராவது கேட்டா, ஒங்கட உம்மாக்கு எத்தின புள்ள எண்டு கேட்டா, ரெண்டு எண்டு சொல்லு."